காப்பு நகலின் சாவி யாரிடம் இருக்கிறது? சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயற்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அமைப்பின் இணையத்தளத்தையும் உறுப்பினர் பதிவேட்டையும் தாங்கி நிற்கும் சர்வரின் காப்பு நகல்கள் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்பட்டுத் தானியங்கி முறையில் எடுக்கப்பட வேண்டும் என்பதையும், அந்த மறையாக்கத்தைத் திறக்கும் சாவி எவரோ ஒருவரின் மடிக்கணினியில் கிடக்காமல் செயற்குழுவின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இம்மடலை எழுதுகிறேன். முதலாவதைப் பல அமைப்புகள் ஏதோ ஒரு வகையில் செய்யத் தொடங்கிவிட்டன. இரண்டாவதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதை நான் கேட்டதில்லை. அது பேசப்படாதவரை முதலாவதைச் செய்தும் பயனில்லை.

நான் சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஓய்வு நேரத்தில் சில அமைப்புகளுக்குத் தொண்டூழியராகவும் உதவி வருகிறேன். தொழில்நுட்பம் அறிந்த தொண்டூழியர்களுக்கு எழுத வேண்டியதை ஏன் செயற்குழுவுக்கு எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருளை நிறுவுவது தொண்டூழியரால் முடியும். சாவியை யார் வைத்திருப்பது, எத்தனை ஆண்டுத் தரவை வைத்திருப்பது, எந்த நாட்டில் வைப்பது, ஆண்டுக்கு எத்தனை முறை மீட்டுப் பார்ப்பது ஆகியவற்றை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது உங்களுடையது.

முதலில், அந்தச் சர்வரில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர்களின் பெயர், கைப்பேசி எண், முகவரி, பிறந்த தேதி, சில இடங்களில் அடையாள அட்டை எண், நன்கொடையாளர் பட்டியல், துணைப்பாட வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் பள்ளி விவரங்கள், ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டி நடத்தும் போட்டிகளுக்கு வந்த படைப்புகள், ஆண்டு மலர்கள், மூத்த உறுப்பினர்களிடம் பதிவு செய்த நேர்காணல்கள். இவற்றுள் பல வேறெங்கும் இல்லை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை இன்று தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் படிக்க முடிகிறதென்றால், அவற்றை யாரோ அக்கறையோடு நுண்படச் சுருள்களில் எடுத்துக் காத்துவைத்தார்கள் என்பதே காரணம். சர்வரில் மட்டும் பிறந்து சர்வரில் மட்டும் வாழும் ஆவணங்களுக்கு அப்படிப்பட்ட காவலர் எவரும் இல்லை. நூலக வாரியத்தின் இணையக் காப்பகம் பொதுவில் தெரியும் பக்கங்களைச் சேகரிக்கலாம். உங்கள் தரவுத்தளத்துக்குள் அது நுழைய முடியாது, நுழையவும் கூடாது.

தரவு இல்லாமல் போவது ஓர் ஆபத்து. தவறான கைக்குப் போவது மற்றோர் ஆபத்து. இரண்டையும் ஒரே நேரத்தில் தடுக்க வேண்டியிருப்பதால்தான் காப்பு நகலோடு மறையாக்கமும் தேவைப்படுகிறது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது சங்கங்களுக்கும் அறநிறுவனங்களுக்கும் பொருந்தும். அதன் 24ஆம் பிரிவு, கைவசமுள்ள தனிநபர் தகவலுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யக் கோருகிறது. காப்பு நகலும் உங்கள் கைவசமுள்ள தகவலே. 2021 பிப்ரவரி 1 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, கசிவால் எவருக்கேனும் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அது அறிவிக்கத்தக்கது என மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் 500 பெயர்களுக்கு மேல் உள்ள தமிழ் அமைப்புகள் நம்மிடையே உண்டு. அதே சட்டம், கசிந்த தகவலால் தீங்கு நேர வாய்ப்பில்லாத அளவுக்குத் தொழில்நுட்பப் பாதுகாப்பு முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிவிப்பதிலிருந்து விலக்கு அளிக்கிறது. வலுவான மறையாக்கம் செய்யப்பட்ட வன்தட்டு ஒன்று டாக்சியில் தவறிப்போவதற்கும், திறந்த நிலையில் உள்ள வன்தட்டு தவறிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே உணர்ந்திருக்கிறது.

மறையாக்கம் எங்கே நடக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இணையவழியே கோப்புகளை வைத்துக்கொள்ளும் மேகச் சேமிப்புச் சேவைகளுள் பெரும்பாலானவை தங்களிடம் வரும் தரவை மறையாக்கம் செய்தே வைப்பதாகக் கூறுகின்றன. அது உண்மைதான். ஆனால் அந்தச் சாவி பெரும்பாலும் சேவை வழங்குநரிடமே இருக்கும். உங்கள் சேமிப்புக் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடியவர் கோப்பைப் பதிவிறக்கும்போது அது தானாகவே திறந்து அவர் கைக்கு வரும். நான் வேண்டுவது, தரவு சர்வரை விட்டு வெளியேறுவதற்கு முன்பே மறையாக்கம் ஆகிவிடும் முறையை. ரெஸ்டிக், போர்க் ஆகிய இரண்டும் இதைச் செய்யும் கட்டற்ற மென்பொருள்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இவை கோப்புகளைத் துண்டுகளாக்கி, முன்பே சேமித்த துண்டுகளை விட்டுவிட்டு, புதியவற்றை மட்டும் சுருக்கி, ஏஇஎஸ்-256 என்னும் வலுவான முறையில் மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. முதல் நாள் நகல் எடுக்க வெகு நேரம் ஆகும். அதன் பிறகு அன்றாட மாற்றங்கள் மட்டுமே போவதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சேமிப்பு வழங்குநர் காண்பது பொருளற்ற எண் கோவைகளை மட்டுமே.

இனிச் சாவிக்கு வருகிறேன். இந்த மென்பொருள்களில் நகலைத் திறக்க மறைச்சொல் ஒன்று வேண்டும்; 'மறைச்சொல் மறந்துவிட்டதா?' என்ற பொத்தான் கிடையாது. மறைச்சொல்லை இழந்தால் தரவு போய்விட்டது என்றே பொருள். அதை எழுதியவர்களாலும் திறக்க முடியாது, சேமிப்பு வழங்குநராலும் முடியாது. அப்படித் திறக்க முடியாமல் இருப்பதே அதன் வலிமை. போர்க்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாவியை நகல் சேரும் இடத்திலேயே, மறைச்சொல்லால் பூட்டி வைக்கலாம்; அல்லது சாவிக் கோப்பாகச் சர்வரிலேயே வைக்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்பை வேறெங்கும் எடுத்து வைக்காதவர்கள், சர்வர் எரிந்த அன்று சாவியையும் சேர்த்தே எரித்தவர்கள் ஆவார்கள். மறைச்சொல் அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தாலும் பயனில்லை. போர்க்கிலேயே சாவியைத் தாளில் அச்சிட்டு வைக்க வசதி இருக்கிறது. தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்களோடு அது அச்சாகும். அந்தத் தாளின் அருமை சர்வர் நன்றாக ஓடும் நாளில் தெரியாது.

நான் உதவப் போன ஓர் அமைப்பில் நகல்கள் ஒழுங்காக எடுக்கப்பட்டு வந்தன. அமைத்துக் கொடுத்த இளைஞர் திறமையானவர். அவர் வேலை நிமித்தம் வெளிநாடு சென்றபின், சர்வரை மாற்ற வேண்டிய நிலை வந்தபோதுதான், மறைச்சொல் அவருடைய பழைய கணினியில் மட்டும் இருந்தது தெரிந்தது. நல்வாய்ப்பாக அவரைத் தொடர்புகொள்ள முடிந்தது. அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடமிருந்து அதைப் பெற்று வைக்க வேண்டும் என்று எந்தக் குழுவும் தீர்மானித்திருக்கவில்லை.

நம் சங்கங்களின் இயல்பை எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு எளிதில் நேரக்கூடியது என்பது புரியும். ஒவ்வோர் ஆண்டும் அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை பொதுக்கூட்டத்தில் குழு மாறுகிறது. பொருளாளர் அடுத்த தவணைக்கு அதே பொறுப்பில் தொடரக் கூடாது என்று பல சங்கங்களின் அமைப்பு விதிகளே கூறுகின்றன. பணப் பொறுப்பில் இருப்பவர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி வகுத்த நாம், காசோலையில் இருவர் கையொப்பம் வேண்டும் என்றும் விதி வகுத்தோம். தனியொருவர் அமைப்பின் பணத்தைக் கையாளவும் கூடாது, தனியொருவர் இல்லாததால் அமைப்பு முடங்கவும் கூடாது என்பதே அவற்றின் நோக்கம். காப்பு நகலின் சாவிக்கும் அதே விதிதான் தேவை.

நடைமுறையில் இதைச் செய்வது கடினமன்று. ரெஸ்டிக்கில் ஒரே சேமிப்பகத்துக்குப் பல மறைச்சொற்களை வைக்க முடியும். தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, தானியங்கி வேலைக்கு ஒன்று எனத் தனித்தனியே கொடுக்கலாம். பொறுப்பை விட்டுச் செல்பவரின் மறைச்சொல்லை மட்டும் நீக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: மறைச்சொல்லை நீக்கினாலும் உள்ளே இருக்கும் முதன்மைச் சாவி மாறுவதில்லை. ஆகவே பொறுப்பு கைமாறும்போது, சேமிப்புக் கணக்கின் அணுகல் சான்றுகளையும் (உள்நுழையும் பெயர், கடவுச்சொல் போன்றவை) கட்டாயம் மாற்ற வேண்டும். இவற்றோடு, ஒரு மறைச்சொல்லையும் சேமிப்பகத்தின் முகவரியையும் மீட்டெடுக்கும் படிகளையும் தாளில் அச்சிட்டு, உறையில் முத்திரையிட்டு, அமைப்பின் அலுவலகப் பெட்டகத்தில் ஒன்றும் வேறோர் இடத்தில் ஒன்றுமாக வைக்க வேண்டும். சர்வர் அறையிலோ, சர்வரைப் பராமரிப்பவர் வீட்டிலோ மட்டும் வைப்பது போதாது.

மறைச்சொல்லைத் தமிழில் வைக்கலாமா என்று ஆர்வத்தோடு சிலர் கேட்பதுண்டு. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஓரிடத்தில் வேண்டாம் என்பேன். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிக்கோடில் 'கொ' என்பதை க, ொ என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். க, ெ, ா என மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். 'கோ', 'கௌ' ஆகியவையும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், மறையாக்க மென்பொருளுக்கு அவை வெவ்வேறு மறைச்சொற்களாகிவிடக்கூடும். ஒரு விசைப்பலகையில் உருவாக்கிய மறைச்சொல்லை ஐந்தாண்டு கழித்து வேறொரு கணினியில், வேறொரு விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் நாள் நெருக்கடியான நாளாகவே இருக்கும். தொடர்பற்ற ஆறு ஏழு ஆங்கிலச் சொற்களைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்துக் கோப்பதே பாதுகாப்பானது. அதை யாருடைய கற்பனைக்கும் விடாமல் கருவியைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தானியங்கி முறை என்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. நள்ளிரவில் மனிதர் இல்லாமல் நகல் எடுக்க வேண்டுமென்றால் மறைச்சொல் சர்வரில் ஏதோ ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். அதை நிரலின் உள்ளேயே எழுதிவைப்பவர்கள் உண்டு. அந்த நிரல் எங்கெங்கோ நகலாகிவிடும். சர்வரின் முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனர் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைப்பதே குறைந்தபட்ச ஒழுங்கு. அப்படி வைத்தாலும், சர்வரை முழுமையாகக் கைப்பற்றியவர் அதைப் படித்துவிடுவார். அதாவது, மறையாக்கம் தரவைப் போகும் வழியிலும் சேரும் இடத்திலும் காக்கிறது, சர்வரையே காப்பதில்லை. இதை மறைத்து 'மறையாக்கம் செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை' என்று குழுவிடம் அறிக்கை கொடுப்பது சரியன்று. பூட்டும் சாவியும் திறக்கும் சாவியும் வேறுவேறாக உள்ள ஜிபிஜி, ஏஜ் போன்ற கருவிகளைப் பயன்படுத்தினால், பூட்டும் சாவியைச் சர்வரில் வைத்து, திறக்கும் சாவியை இணையத் தொடர்பே இல்லாத இடத்தில் வைக்கலாம். அப்போது துண்டுகளை ஒப்பிட்டு இடத்தை மிச்சப்படுத்தும் வசதி கிடைக்காது. ஒவ்வொரு முறையும் முழு நகலே போகும். உறுப்பினர் தரவுத்தளம் சில மெகாபைட்டுகளே இருக்கும் என்பதால் அதற்கு இந்த முறையும், பெரிய நிழற்படத் தொகுப்புகளுக்கு ரெஸ்டிக் முறையும் என்று பிரித்துக்கொள்வதை நான் பரிந்துரைக்கிறேன்.

சர்வரைக் கைப்பற்றியவர் நகல்களைப் படிப்பதோடு நிற்பதில்லை. அவற்றை அழிக்கவும் முனைவார். பிணைப்பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் காப்பு நகல்களைத் தேடிப் பிடித்து முதலில் அழிப்பது நன்கு அறியப்பட்ட உத்தி. நகல் இருக்கும் அமைப்பு பணம் கொடுக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே சர்வரிடம் இருக்கும் அணுகல் சான்று, புதிய நகலைச் சேர்க்க மட்டுமே உதவ வேண்டும். பழையதை நீக்க உதவக் கூடாது. போர்க்கிலும், ரெஸ்டிக்கின் துணைச் சர்வரிலும் 'சேர்க்க மட்டும்' என்ற நிலை உண்டு. அமேசான் எஸ்3 போன்ற சேமிப்புகளில் குறித்த காலம்வரை எவராலும் நீக்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டு. டிராப்பாக்ஸ், கூகல் டிரைவ் ஆகியவற்றோடு கோப்புறையை ஒத்திசைப்பதைக் காப்பு நகல் என்று எண்ண வேண்டாம். இங்கே அழிந்தது அங்கேயும் அழிவதுதான் ஒத்திசைவின் வேலை.

அடுத்தது, ஓசையின்றி நின்றுபோகும் நகல். என் அனுபவத்தில் திருட்டையும் தீயையும் விட அதிகமாகத் தரவை விழுங்குவது இதுதான். மாதிரிக்கு ஒன்றைக் கூறுகிறேன். தரவுத்தளத்தை வெளியெடுக்கும் கட்டளையின் விளைவை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு நேரே தரும் 'குழாய்' வழியாக, கோப்புகளைச் சுருக்கும் ஜிசிப் கட்டளைக்கு அனுப்புவது பரவலான வழக்கம். தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாறி முதல் கட்டளை தோற்றாலும், இரண்டாம் கட்டளை வெறுமையைச் சுருக்கி 'வெற்றி' என்று திரும்பும். கட்டளைகளை இயக்கும் ஷெல், கடைசிக் கட்டளையின் முடிவையே பார்க்கும். நாள்தோறும் புதிய தேதியோடு ஒரு கோப்பு உருவாகிக்கொண்டே இருக்கும்; அதன் அளவு 20 பைட். கோப்புப் பட்டியலைப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும். குழாயின் எந்தப் பகுதி தோற்றாலும் முழுவதும் தோற்றதாகக் கருதும் 'பைப்ஃபெயில்' அமைப்பை நிரலின் தலைப்பிலேயே இடுவது இதற்கு மருந்து. அதேபோல், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதும் ஏமாற்றும். பாதி எழுதிய நிலையில் பிடிபட்ட கோப்பு மீட்கும்போது திறக்காமல் போகலாம். முதலில் முறையாக வெளியெடுத்து, அந்த வெளியீட்டையே நகலெடுக்க வேண்டும்.

நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையை வழங்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை ஒவ்வொரு செயற்குழுவும் அறிந்திருக்க வேண்டும். பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை நீக்கிவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் உரியபடி கைகொடுக்கவில்லை. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய நகல், கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் சென்று சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த, சேமிப்பின் அன்றைய நிலையைக் காட்டும் பிம்பம்தான் அவர்களைக் காத்தது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் உலகுக்கே எழுதிக் காட்டியதால்தான் நமக்கு இவை தெரியும். முழுநேரப் பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், வாரயிறுதியில் மட்டும் பார்க்கப்படும் சர்வர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே தோல்வியடைந்தால் மின்னஞ்சல் அனுப்பு என்ற ஏற்பாட்டை மட்டும் நம்பக் கூடாது. வெற்றி பெற்ற ஒவ்வொரு முறையும் சர்வர் வெளியே உள்ள கண்காணிப்புச் சேவைக்கு ஒரு குறிப்பை அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் குறிப்பு வராவிட்டால் அந்தச் சேவை உங்களை அழைக்க வேண்டும். சர்வரே மாண்டுபோனாலும் எச்சரிக்கை வரும் வழி அதுதான். எச்சரிக்கை குறைந்தது இருவருக்குப் போக வேண்டும். ஒருவர் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார். நேர அமைப்பையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சர்வர்கள் உலக நேரத்தில் இயங்குகின்றன. அதிகாலை 2 மணி என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற கருவியில் எழுதினால் நம் நேரப்படி காலை 10 மணிக்கு, உறுப்பினர்கள் தளத்தைப் பயன்படுத்தும் வேளையில் அது ஓடும். சர்வர் அணைந்திருந்த வேளையில் தவறிய வேலையைக் கிரான் மறந்துவிடும். அதே வேலையைச் செய்யும் மற்றொரு கருவியான சிஸ்டம்டி டைமரில் உரிய அமைப்பை இட்டால், சர்வர் எழுந்ததும் தவறியதைச் செய்து முடிக்கும்.

இடத்தைப் பற்றிச் சில சொற்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தபோது, காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 செப்டம்பர் 10 அன்று நம் லோயாங்கில் உள்ள தரவு மையம் ஒன்றின் மின்கலங்கள் தீப்பற்றி, அலிபாபா கிளவுட் சேவைகள் பாதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோனில் அரசுத் தரவு மையத்தில் மூண்ட தீயில், அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளியே நகல் இல்லாத காரணத்தால் அழிந்தன. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். சர்வர் ஒரு நிறுவனத்திடம் இருந்தால் நகல் வேறொரு நிறுவனத்திடம் இருக்கட்டும். கட்டணம் செலுத்தாமல் விட்டு ஒரு கணக்கு முடக்கப்பட்டாலும் மற்றொன்று பிழைக்கும். நகலை வெளிநாட்டில் வைப்பதானால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு குறுக்கிடும்: அங்கும் இங்குள்ளதற்கு இணையான பாதுகாப்பு கிடைப்பதை நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். இந்தச் சிக்கல் வேண்டாம் என்று எண்ணும் சிறு அமைப்புகள், சிங்கப்பூரிலேயே இரு வெவ்வேறு நிறுவனங்களிடம் வைத்துக்கொண்டு, மாதந்தோறும் ஒரு நகலை வன்தட்டில் எடுத்துப் பெட்டகத்தில் வைக்கலாம்.

எவ்வளவு காலம் வைப்பது என்பதும் உங்கள் முடிவே. அச்சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, தேவை முடிந்த தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது. உறுப்பினர் ஒருவர் விலகி அவர் விவரங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பின்னும், பழைய நகல்களில் அவை இருந்துகொண்டே இருக்கும். ஏழு நாள், நான்கு வாரம், பன்னிரண்டு மாதம் என்ற அளவில் நகல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவது பெரும்பாலான அமைப்புகளுக்குப் பொருந்தும். ரெஸ்டிக்கில் நகலை 'மறப்பது' வேறு, தரவை உண்மையில் 'கத்தரிப்பது' வேறு; இரண்டாவதைச் செய்யாதவரை எதுவும் அழிவதில்லை. அதைச் சர்வரிலிருந்து செய்யாமல், நீக்கும் உரிமை பெற்ற தனிக் கணினியிலிருந்து செய்ய வேண்டும் என்பது முன்பு கூறிய காரணத்தால் விளங்கும்.

இத்தனையும் செய்த பிறகும், ஒரு முறையேனும் மீட்டுப் பார்க்காதவரை உங்களிடம் காப்பு நகல் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீட்டுப் பார்ப்பது என்றால் கோப்புப் பட்டியலைக் காண்பதன்று. புதிய, வெறுமையான சர்வர் ஒன்றில், பெட்டகத்தில் உள்ள உறையை மட்டும் துணையாகக் கொண்டு, வழக்கமாகப் பராமரிப்பவர் அல்லாத வேறொருவர் தரவுத்தளத்தை எழுப்பி, உறுப்பினர் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, அண்மையில் சேர்ந்தவரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வைக்க வேண்டும்.

தமிழ்த் தரவு என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் உருவான தளங்களில், தரவுத்தள அட்டவணை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியீட்டில் இருப்பதாக அறிவிக்கப்பட்டு, அதற்குள் யூனிக்கோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ் எழுத்துகள் இடப்பட்டிருக்கும். நாள்தோறும் பார்க்கையில் தளம் ஒழுங்காகவே தெரியும். வெளியெடுத்து வேறு சர்வரில் ஏற்றும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்றோ அதற்கு மேற்பட்டோ பொருளற்ற குறிகளாகச் சிதறும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் பார்த்து 'மீட்பு வெற்றி' என்று எழுதிவிட்டால், ஆண்டு மலர்க் கட்டுரைகள் அனைத்தும் சிதைந்திருப்பது நெருக்கடி நாளில்தான் தெரியவரும். ஆகவே மீட்டதும் ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறந்து படியுங்கள். தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளையும் திறந்து பாருங்கள். வெளிநாட்டு ஆலோசகர் எவரும் நமக்காக இதைச் சோதித்துத் தரமாட்டார்.

இப்போது என் வேண்டுகோள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். சட்டப்படி நீங்கள் நியமித்திருக்க வேண்டிய தகவல் பாதுகாப்பு அதிகாரியையும் சர்வரைப் பராமரிக்கும் தொண்டூழியரையும் அழைத்து, நகல் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, எங்கே இருக்கிறது, அதைத் திறக்க வல்லவர் யார் யார், கடைசியாக எப்போது மீட்டுப் பார்க்கப்பட்டது என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். கேள்வி தொண்டூழியரைக் குற்றம் சாட்டும் தொனியில் இருக்க வேண்டாம். ஊதியமின்றி இரவில் கண்விழித்து உழைப்பவர் அவர். சாவியைக் குழுவிடம் ஒப்படைப்பது அவர் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்குவதாகவும் அமையும். சிங்கப்பூர் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் தொடங்கிய 'சைபர் எசென்ஷியல்ஸ்' சான்றிதழில் காப்பு நகல் ஒரு தனிப் பிரிவாகவே இடம்பெற்றிருக்கிறது. அதன் கேள்விகளை, சான்றிதழ் பெற எண்ணாதவர்களும் சரிபார்ப்புப் பட்டியலாகப் பயன்படுத்தலாம்.

பொதுக்கூட்டத்தில் புதிய குழு பொறுப்பேற்கும்போது வங்கிக் கையொப்பங்கள் மாற்றப்படுகின்றன. அலுவலகச் சாவிகள் எண்ணி ஒப்படைக்கப்படுகின்றன. அந்த ஒப்படைப்புப் பட்டியலில் காப்பு நகலின் மறைச்சொல் உறையையும், சேமிப்புக் கணக்கின் உரிமையையும், கடைசி மீட்புச் சோதனையின் தேதியையும் மூன்று வரிகளாகச் சேர்த்து, பழைய செயலாளரும் புதிய செயலாளரும் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரிக்கப்பட்டிருந்தால் அன்றே மறைச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புத் துறையில் பணியாற்றும் ஒரு தொண்டூழியர்,
சிங்கப்பூர்